வேலை போனால் காப்பீடும் போகும்: அமெரிக்க நிறுவனங்களின் மருத்துவச் சலுகைகளை ஒபாமாகேர் சட்டம் மாற்றியது எப்படி?

அமெரிக்காவில் ஒருவர் வேலையை இழந்தால், மாதச் சம்பளத்துடன் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்தே இழக்க நேரிடுகிறது. அந்நாட்டில் 65 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 15.4 கோடி பேர், தாங்களோ தங்கள் குடும்பத்தினரோ பணியாற்றும் நிறுவனத்தின் வழியாகவே காப்பீடு பெறுகின்றனர்.

வேலையோடு பிணைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில், கடந்த அரை நூற்றாண்டில் மிகப்பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தது 'நோயாளிகள் பாதுகாப்பு மற்றும் கட்டுப்படியாகும் மருத்துவப் பராமரிப்புச் சட்டம்'. அப்போதைய அதிபர் பராக் ஒபாமா 2010 மார்ச் 23-ஆம் தேதி கையெழுத்திட்ட இச்சட்டம், 'ஒபாமாகேர்' என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறது.

காப்பீடு இல்லாத ஏழைகளுக்கும், சொந்தமாகக் காப்பீடு வாங்குவோருக்கும் இச்சட்டம் செய்த உதவிகளே அதிகம் பேசப்படுகின்றன. ஆனால், நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு அளிக்கும் காப்பீட்டையும் அது கணிசமாக மாற்றியது. அதேவேளையில், காப்பீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பிணைப்பு இன்றும் அப்படியே நீடிக்கிறது. அமெரிக்காவில் பணியாற்றும் இந்தியர்களுக்கும் இது நேரடியாகத் தொடர்புடைய விஷயமாகும்.

போர்க்காலத்தில் வேரூன்றிய வழக்கம்

காப்பீட்டை நிறுவனங்கள் வழங்கும் முறை திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று. இரண்டாம் உலகப் போரின்போது விலைவாசியைக் கட்டுப்படுத்த, 1942-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் மூலம் ஊதிய உயர்வுக்கு அமெரிக்க அரசு வரம்பு விதித்தது. ஆட்கள் கிடைக்காமல் திணறிய தொழிற்சாலைகள், கூடுதல் சம்பளம் தர இயலாத நிலையில், மருத்துவக் காப்பீடு போன்ற சலுகைகளைக் காட்டித் தொழிலாளர்களை ஈர்த்தன. அத்தகைய சலுகைகள் ஊதிய வரம்புக்குள் சேர்க்கப்படவில்லை.

நிறுவனம் செலுத்தும் காப்பீட்டுத் தொகை ஊழியரின் வருமானமாகக் கருதப்படாது என்பது 1954-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டது. இதனால் 100 டாலரைச் சம்பளமாகப் பெற்றால் அதற்கு வரி உண்டு. அதே 100 டாலரைக் காப்பீடாகப் பெற்றால் வரி இல்லை. இந்த வரிவிலக்கே நிறுவனக் காப்பீட்டு முறையின் அடித்தளமாக இன்றும் விளங்குகிறது.

முதியோருக்கான 'மெடிகேர்', ஏழைகளுக்கான 'மெடிகெய்டு' ஆகிய அரசுத் திட்டங்கள் 1965-இல் தொடங்கப்பட்டன. உழைக்கும் வயதினர் பெரும்பாலும் நிறுவனங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டனர். எனினும், காப்பீடு வழங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் நாடு முழுவதற்கும் பொதுவாக விதிக்கப்படவில்லை. ஹவாய் மாநிலம் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் அல்லது அதற்கு மேல் உழைப்போருக்குக் காப்பீடு அளிக்க வேண்டும் என 1974-லேயே சட்டம் இயற்றியது.

2010-க்கு முந்தைய நிலை

ஒபாமாகேர் சட்டத்துக்கு முன், நிறுவனக் காப்பீடு இருந்தும் ஊழியர்கள் கைவிடப்படும் சூழல்கள் பல இருந்தன. வாழ்நாள் முழுவதற்கும் இவ்வளவு தொகைதான் என்று பல திட்டங்கள் உச்சவரம்பு வைத்திருந்தன. புற்றுநோய், குறைப்பிரசவம், உறுப்பு மாற்றுச் சிகிச்சை போன்ற பெரும் செலவுகள் வரும்போது, அந்த வரம்பு தீர்ந்ததும் காப்பீடு நின்றுவிடும்.

புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு ஏற்கெனவே நோய் இருந்தால், குறிப்பிட்ட காலத்துக்கு அந்த நோய்க்கான செலவை ஏற்க மறுக்கவும் இடம் இருந்தது. 1996-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, நிறுவனக் காப்பீட்டில் இந்தக் காலத்தைப் பொதுவாக 12 மாதங்களுக்குள் கட்டுப்படுத்தியதே தவிர, அடியோடு நீக்கவில்லை. வேலையை விட்டு விலகிச் சொந்தமாகக் காப்பீடு வாங்க முயன்றவரின் நிலை இன்னும் கடினம். பெரும்பாலான மாநிலங்களில், நோயைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் விண்ணப்பத்தையே நிராகரிக்க முடிந்தது.

இதனால், நோயுற்ற குழந்தை உள்ள பெற்றோரும் நாள்பட்ட நோய் உள்ளவர்களும், பிடிக்காத வேலையையும் விட முடியாமல் காப்பீட்டுக்காகவே அதில் நீடித்தனர். தொழிலாளர் பொருளாதார ஆய்வுகள் இந்த நிலையை 'வேலைப் பூட்டு' என்று குறிப்பிடுகின்றன.

ஊழியர்களுக்குக் கிடைத்த பாதுகாப்புகள்

புதிய சட்டம் நிறுவனக் காப்பீட்டுக்கு ஒரு குறைந்தபட்சத் தரத்தை நிர்ணயித்தது. அதன் முக்கிய அம்சங்கள் பின்வருமாறு:

* ஊழியரின் பிள்ளைகள் 26 வயதை எட்டும் வரை பெற்றோரின் காப்பீட்டிலேயே தொடரலாம். 2010 செப்டம்பர் 23-க்குப் பின் தொடங்கிய காப்பீட்டு ஆண்டுகளில் இது நடைமுறைக்கு வந்தது.

* அத்தியாவசியச் சிகிச்சைகளுக்கு வாழ்நாள் உச்சவரம்பு விதிப்பது தடை செய்யப்பட்டது. ஆண்டு உச்சவரம்பும் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2014-இல் முற்றிலும் நீக்கப்பட்டது.

* ஏற்கெனவே உள்ள நோய்களைக் காரணம் காட்டிச் சிகிச்சைச் செலவை மறுப்பது, சிறார்களுக்கு 2010-லும் மற்ற அனைவருக்கும் 2014-லும் முடிவுக்கு வந்தது.

* காப்பீட்டுக்குத் தகுதியுள்ள புதிய ஊழியரை 90 நாள்களுக்கு மேல் காத்திருக்க வைக்கக் கூடாது.

* தடுப்பூசிகள், குறிப்பிட்ட புற்றுநோய்ப் பரிசோதனைகள் உள்ளிட்ட நோய்த்தடுப்புச் சேவைகளுக்கு ஊழியரிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது.

* காப்பீட்டு வலையமைப்பில் உள்ள மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் ஒருவர், ஓராண்டில் தம் கையிலிருந்து செலுத்தும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2025-ஆம் ஆண்டுக்கு இது தனிநபருக்கு 9,200 டாலராக இருந்தது.

சட்டம் கையெழுத்தான நாளில் நடப்பில் இருந்து, அதன் பின்னர் பெரிய மாற்றம் செய்யப்படாத பழைய காப்பீட்டுத் திட்டங்களுக்கு, கட்டணமில்லா நோய்த்தடுப்புச் சேவை போன்ற சில விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. காலப்போக்கில் இத்தகைய திட்டங்கள் பெருமளவு குறைந்துவிட்டன.

50 ஊழியர்கள், 30 மணி நேரம்

நிறுவனங்களிடையே பெரும் விவாதத்தை எழுப்பிய பிரிவு, காப்பீடு வழங்காவிட்டால் அபராதம் என்பதாகும். முழுநேர ஊழியர்கள் அல்லது அவர்களுக்குச் சமமாகக் கணக்கிடப்படும் பகுதிநேர ஊழியர்களைச் சேர்த்து 50 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் பணியாற்றினாலே ஒருவர் முழுநேர ஊழியராகக் கருதப்படுவார்.

இந்த நிறுவனங்கள், முழுநேர ஊழியர்களில் குறைந்தது 95 சதவீதத்தினருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் காப்பீடு அளிக்க முன்வர வேண்டும். கணவன் அல்லது மனைவிக்கு அளிக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை.

காப்பீடு அளிக்க முன்வராத நிறுவனத்தின் முழுநேர ஊழியர் ஒருவராவது, அரசின் காப்பீட்டுச் சந்தையில் மானியத்துடன் காப்பீடு வாங்கினால் அபராதம் விதிக்கப்படும். சட்டத்தில் முதலில் எழுதப்பட்ட தொகை, ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 2,000 டாலர். முதல் 30 ஊழியர்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படுவர். 100 முழுநேர ஊழியர்கள் உள்ள நிறுவனம் என்றால், 70 பேருக்குக் கணக்கிட்டு 1.40 லட்சம் டாலர் செலுத்த நேரிடும்.

பெயரளவுக்குக் காப்பீடு கொடுத்துவிட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. காப்பீடு சராசரி மருத்துவச் செலவில் குறைந்தது 60 சதவீதத்தை ஏற்க வேண்டும். ஊழியரின் பங்குத் தொகையும் வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தொடக்கத்தில் 9.5 சதவீதமாக இருந்த இந்த வரம்பு, ஆண்டுதோறும் மாற்றியமைக்கப்படுகிறது. 2025-இல் 9.02 சதவீதமாக இருந்தது, 2026-ஆம் ஆண்டுக்கு 9.96 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

இந்த நிபந்தனைகளை நிறைவேற்றாத காப்பீட்டை மறுத்துவிட்டு, சந்தையில் மானியத்துடன் காப்பீடு வாங்கும் ஒவ்வோர் ஊழியருக்கும் நிறுவனம் 3,000 டாலர் செலுத்த வேண்டும் எனச் சட்டம் கூறியது. 2026-ஆம் ஆண்டில் இவ்விரு அபராதத் தொகைகளும் முறையே 3,340 டாலராகவும் 5,010 டாலராகவும் உள்ளன.

2014-இல் தொடங்க வேண்டிய இந்தக் கட்டாயத்தை, நிறுவனங்களின் எதிர்ப்பை அடுத்து ஒபாமா நிர்வாகம் 2013 ஜூலையில் ஓராண்டு தள்ளிவைத்தது. 100 ஊழியர்களுக்குக் குறைவான நிறுவனங்களுக்கு 2016 வரை அவகாசம் கிடைத்தது.

அஞ்சியது நடந்ததா?

சட்டம் நிறைவேறியபோது இரண்டு அச்சங்கள் எழுந்தன. காப்பீட்டுச் செலவைவிட அபராதம் மலிவு என்பதால், நிறுவனங்கள் ஊழியர்களை அரசுச் சந்தைக்குத் தள்ளிவிடும் என்பது முதலாவது. 30 மணி நேர வரம்பைத் தவிர்க்க, வேலைநேரத்தை 29 மணியாகக் குறைக்கும் என்பது இரண்டாவது.

முதல் அச்சம் பெரும்பாலும் நிறைவேறவில்லை. கேஎஃப்எஃப் என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பின் 2024-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி, 200 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் 98 சதவீதம் காப்பீடு வழங்கின. அனைத்து நிறுவனங்களையும் சேர்த்துப் பார்த்தால் இது 54 சதவீதமாக இருந்தது. சட்டத்தின் கட்டாயத்துக்கு வெளியே நிற்கும் சிறு நிறுவனங்களே இந்த இடைவெளிக்குக் காரணம். 25-க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள சிறு நிறுவனங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு வரிச்சலுகை அளிக்கவும் சட்டம் வழிசெய்தது. ஆனால், நிபந்தனைகள் அதிகம் இருந்ததால் அதைப் பயன்படுத்தியோர் குறைவு.

பெரிய நிறுவனங்கள் காப்பீட்டைக் கைவிடாததற்குப் பழைய காரணங்களே போதுமானவையாக இருந்தன. நிறுவனம் வழங்கும் காப்பீட்டுக்கு வரிவிலக்கு தொடர்ந்தது. அதைக் கைவிட்டால் அந்தத் தொகையைச் சம்பளமாகத் தந்து வரியும் செலுத்த வேண்டும். மேலும், திறமையான ஊழியர்கள் காப்பீடு தரும் போட்டி நிறுவனத்துக்குச் சென்றுவிடுவர்.

இரண்டாவது அச்சம் சில துறைகளில் மட்டும் உண்மையானது. பகுதிநேர ஆசிரியர்களை நம்பியிருந்த சில கல்லூரிகளும், உணவகம், சில்லறை வணிகம் போன்ற துறைகளின் சில நிறுவனங்களும் வேலைநேரத்துக்கு வரம்பு விதித்தன. எனினும், நாடு முழுவதும் முழுநேர வேலைகள் பெருமளவில் பகுதிநேர வேலைகளாக மாறவில்லை.

குறையாத செலவு

காப்பீட்டின் தரத்தை உயர்த்திய சட்டத்தால், அதன் விலையைக் கட்டுப்படுத்த முடிந்ததா என்பதே இன்றுவரை தொடரும் கேள்வி. கேஎஃப்எஃப் கணக்கெடுப்பின்படி, நிறுவனம் வழங்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 2010-இல் 13,770 டாலராக இருந்தது. 2025-இல் அது 26,993 டாலராக உயர்ந்துள்ளது. இந்திய மதிப்பில் இது 20 லட்சம் ரூபாய்க்கும் அதிகமாகும்.

இதில் ஊழியர் தம் சம்பளத்திலிருந்து செலுத்தும் பங்கு 3,997 டாலரிலிருந்து 6,850 டாலராகக் கூடியது. எஞ்சிய பெரும்பகுதியை நிறுவனமே செலுத்துகிறது. ஆனால், அந்தத் தொகை காலப்போக்கில் ஊதிய உயர்வு குறைவதன் மூலம் ஊழியர்கள் மீதே சுமத்தப்படுகிறது என்பது பொருளாதார அறிஞர்களிடையே பரவலாக உள்ள கருத்தாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2000 முதல் 2010 வரையிலான பத்தே ஆண்டுகளில் குடும்ப பிரீமியம் 6,438 டாலரிலிருந்து இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. சட்டத்துக்குப் பின், இரு மடங்கை நெருங்கவே 15 ஆண்டுகள் ஆகியுள்ளன. இந்த வேகக் குறைவுக்குச் சட்டம் எந்த அளவுக்குக் காரணம் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

நிறுவனங்கள் செலவைச் சமாளிக்கக் கையாண்ட மற்றொரு வழி, சிகிச்சைச் செலவின் முதல் பகுதியை ஊழியரே ஏற்கும்படி செய்வது. 'டிடக்டிபிள்' எனப்படும் இத்தொகையைக் கட்டி முடித்த பின்னரே, பெரும்பாலான சிகிச்சைகளுக்குக் காப்பீடு கைகொடுக்கும். 2024-இல் இது தனிநபர் காப்பீட்டில் சராசரியாக 1,787 டாலராக இருந்தது. கையில் காப்பீட்டு அட்டை இருந்தும் மருத்துவரிடம் செல்லத் தயங்குவோர் உருவாக இதுவே முக்கியக் காரணம்.

நடைமுறைக்கு வராத வரி

செலவைக் கட்டுப்படுத்தச் சட்டம் வைத்திருந்த கருவிகளில் ஒன்று, 'கேடிலாக் வரி' என அழைக்கப்பட்டது. தனிநபருக்கு 10,200 டாலர், குடும்பத்துக்கு 27,500 டாலர் என்ற அளவைத் தாண்டும் விலையுயர்ந்த காப்பீடுகளில், கூடுதல் தொகைக்கு 40 சதவீத வரி விதிக்க 2018 முதல் திட்டமிடப்பட்டிருந்தது.

பெருநிறுவனங்களும், பேச்சுவார்த்தை மூலம் நல்ல காப்பீட்டைப் பெற்றிருந்த தொழிற்சங்கங்களும் இதை ஒருசேர எதிர்த்தன. இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்ட இந்த வரி, ஒருநாள்கூட வசூலிக்கப்படாமல் 2019 டிசம்பரில் ரத்து செய்யப்பட்டது.

குடும்பங்களைத் தவிக்க விட்ட விதி

சட்டத்தின் விளக்கத்தில் நேர்ந்த ஒரு குறை, பல குடும்பங்களைப் பாதித்தது. நிறுவனக் காப்பீடு கட்டுப்படியாகிறதா என்பது, ஊழியர் ஒருவருக்கு மட்டும் ஆகும் பங்குத் தொகையை வைத்தே கணக்கிடப்பட்டது. அது வரம்புக்குள் இருந்தால், மனைவியையும் குழந்தைகளையும் சேர்க்க எவ்வளவு செலவானாலும், அவர்களுக்கு அரசுச் சந்தையில் மானியம் மறுக்கப்பட்டது. அதிபர் ஜோ பைடன் ஆட்சியில் 2022 அக்டோபரில் இவ்விதி திருத்தப்பட்டது. 2023 முதல் குடும்ப உறுப்பினர்களுக்கான செலவு தனியாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது.

நீதிமன்றப் படிகளில்

இச்சட்டம் பலமுறை உச்ச நீதிமன்றத்தைச் சந்தித்து நிலைத்துள்ளது. காப்பீடு பெறாத தனிநபருக்கு அபராதம் விதிப்பது வரி விதிக்கும் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று, 2012 ஜூனில் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளிக்கப்பட்டது. 2017-இல் டொனால்டு டிரம்ப் ஆட்சியில் கொண்டுவரப்பட்ட வரிச் சட்டம், தனிநபர் அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது. எனினும், நிறுவனங்களுக்கான அபராதம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

நிறுவனக் காப்பீட்டைத் தொட்ட வழக்குகளில் இரண்டு முக்கியமானவை. 2014-இல் ஹாபி லாபி வழக்கில், குடும்பத்தினர் போன்ற சிலரின் பிடியில் உள்ள நிறுவனங்கள், மத நம்பிக்கையின் அடிப்படையில் கருத்தடைச் சாதனங்களுக்குக் காப்பீடு தர மறுக்கலாம் என உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜூனில், கட்டணமில்லா நோய்த்தடுப்புச் சேவைகளைப் பரிந்துரைக்கும் நிபுணர் குழுவின் நியமனம் அரசமைப்புச் சட்டப்படி செல்லும் என 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.

இந்தியர்களுக்கு என்ன பொருள்?

அமெரிக்கா ஆண்டுதோறும் அங்கீகரிக்கும் எச்-1பி விசா விண்ணப்பங்களில் மிகப்பெரும் பங்கு இந்தியர்களுடையது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற மென்பொருள் பொறியாளர்களும் அவர்களில் கணிசமானோர். அமெரிக்க ஊழியர்களுக்கு அளிக்கும் அதே அடிப்படையில் எச்-1பி ஊழியர்களுக்கும் சலுகைகள் வழங்கப்பட வேண்டும் என்பது அந்நாட்டுத் தொழிலாளர் துறை விதி. எனவே, ஒபாமாகேர் அளிக்கும் பாதுகாப்புகள் அவர்களுக்கும் உண்டு.

சிக்கல் வேலை பறிபோகும்போது தொடங்குகிறது. எச்-1பி ஊழியர் வேலையிழந்தால், புதிய வேலை தேட அதிகபட்சம் 60 நாள்களே அவகாசம். நிறுவனக் காப்பீடும் வேலையின் கடைசி நாளிலோ, பெரும்பாலும் அந்த மாத இறுதியிலோ முடிந்துவிடும்.

அதன் பின் இரண்டு வழிகள் உள்ளன. 'கோப்ரா' எனப்படும் பழைய சட்டத்தின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் பணியாற்றியவர், பொதுவாக 18 மாதங்கள் வரை அதே காப்பீட்டில் தொடரலாம். ஆனால், நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும், நிர்வாகச் செலவாக 2 சதவீதத்தையும் அவரே கட்ட வேண்டும். 2025-ஆம் ஆண்டின் சராசரிப்படி, குடும்பத்துக்கு இது மாதம் ஏறத்தாழ 2,300 டாலர். சம்பளம் நின்ற நேரத்தில் இது பெரும் சுமையாகும்.

இரண்டாவது வழி, ஒபாமாகேர் உருவாக்கிய அரசுக் காப்பீட்டுச் சந்தை. காப்பீட்டை இழந்த 60 நாள்களுக்குள் அதில் சேரலாம். நோயைக் காரணம் காட்டி யாரும் மறுக்க முடியாது. வருமானத் தகுதி இருந்தால், சட்டப்படி தங்கியுள்ள வெளிநாட்டவருக்கும் மானியம் கிடைத்து வந்தது. ஆனால், 2025 ஜூலை 4-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், 2027 முதல் இந்த மானியத்தைக் கிரீன் கார்டு பெற்றவர்கள் உள்ளிட்ட ஒரு சில பிரிவினருக்கு மட்டுமே எனச் சுருக்கியுள்ளது. எச்-1பி விசாவில் இருப்போர் அப்பிரிவுகளில் இடம்பெறவில்லை. அவர்கள் சந்தையில் காப்பீடு வாங்கலாம். முழு விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மாறியதும் மாறாததும்

இந்தியாவிலும் வேலையோடு பிணைந்த மருத்துவப் பாதுகாப்பு உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டப்படி உருவான இஎஸ்ஐ திட்டத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளருக்காக நிறுவனம் ஊதியத்தில் 3.25 சதவீதமும், தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகின்றனர். சிகிச்சையை இஎஸ்ஐ மருத்துவமனைகள் அளிக்கின்றன. அமெரிக்காவிலோ, நிறுவனம் தேர்ந்தெடுக்கும் தனியார் ஏற்பாட்டை நம்பியே உழைக்கும் மக்களில் பெரும்பாலோர் உள்ளனர்.

அரசின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2010-இல் 4.86 கோடியாக இருந்த காப்பீடற்றோர் எண்ணிக்கை 2023-இல் 2.5 கோடியாகக் குறைந்தது. இதில் பெரும்பங்கு, மெடிகெய்டு விரிவாக்கத்துக்கும் மானியத்துடன் கூடிய சந்தைக்கும் உரியது. நிறுவனக் காப்பீட்டில் இருப்போருக்கு இச்சட்டம் அளித்தது வேறு வகையான பயன். பெரும் நோய் வந்தாலும் பாதியில் நிற்காத காப்பீடு, வளர்ந்த பிள்ளைகளுக்கும் நீளும் பாதுகாப்பு, வேலை மாறினாலும் பழைய நோய் தடையாகாது என்ற உறுதி ஆகியவை அவர்களுக்குக் கிடைத்தன.

வேலையை இழந்தவருக்கு 2010-க்கு முன் மூடியிருந்த ஒரு கதவை இச்சட்டம் திறந்து வைத்தது. ஆனால், அந்தக் கதவுக்குள் நுழைய எவ்வளவு பணம் தேவை என்பது, ஒவ்வோர் ஆட்சியிலும் மாற்றப்படும் மானிய விதிகளைப் பொறுத்தே அமைகிறது. அமெரிக்க வேலைவாய்ப்பை ஏற்கும் இந்தியர்கள், சம்பளத் தொகையுடன் காப்பீட்டில் தங்கள் பங்கு எவ்வளவு, குடும்பத்தினர் சேர்க்கப்படுகிறார்களா, 'டிடக்டிபிள்' தொகை என்ன, காப்பீடு எந்த நாளில் தொடங்குகிறது என்பவற்றையும் பணி ஆணையில் கையெழுத்திடும் முன் கேட்டறிவது அவசியமாகும்.